நண்டு வளையும் உவர் நிலமும்

கீழ்வேளூர்க் கேடிலியப்பர் கோயில் ஒரு மாடக்கோயில். கோச்செங்கட் சோழன் எடுப்பித்ததாகச் சொல்லப்படுபவற்றில் ஒன்று. யானை ஏற முடியாத உயரத்தில் சன்னிதி, மனிதர் ஏறப் படிக்கட்டு. ஒரு தை மாதம், சம்பா அறுவடை முடிந்த கையோடு, சித்தப்பாவும் நானும் அந்தப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தோம். பாதியில் அவர் நின்றுவிட்டார். பக்கச் சுவரில் கையை ஊன்றி, வாயைத் திறந்து மூச்சு விட்டார்.

"ஒண்ணுமில்ல தம்பி. அறுவடை மிஷின் பின்னாடி அலைஞ்ச அலுப்பு."

அவருக்கு 66 வயது. நான் மருத்துவன் இல்லை. மருத்துவத்தைப் பற்றி எழுதிப் பிழைக்கிறவன். பழக்கதோஷத்தில் அவர் மணிக்கட்டைப் பிடித்து மூன்று விரலை வைத்தேன். இரண்டு துடிப்பு ஒட்டி வந்தன. ஓர் இடைவெளி. ஒரு பலமான அடி. அதன் பின்னால் விரலுக்கு எட்டியும் எட்டாமலும் ஒரு நோஞ்சான் அடி. மறுபடி மூன்று, ஓட்டமாக. எங்கள் பக்கத்தில் தவில் கேட்காமல் வளர்ந்தவர் யாரும் இல்லை. தவில்காரர் எவ்வளவு குறுக்கும் நெடுக்குமாகக் கோர்வை வாசித்தாலும் கடைசியில் சமத்தில் வந்து விழும். விழும் என்று தெரிந்துதான் தலை ஆட்டுகிறோம். சித்தப்பாவின் நாடியில் இரண்டு நிமிடம் காத்திருந்தேன். சமம் வரவே இல்லை.

"எவ்ளோ நாளா இப்படி?"

"எப்படி?"

அவருக்குத் தெரியவில்லை. நெஞ்சு படபடப்பு கிடையாது, வலி கிடையாது. கார்த்திகையிலிருந்து வரப்பில் நடந்தால் மூச்சு வாங்குகிறது, வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டார். மறுநாள் நாகப்பட்டினத்தில் ஈ.சி.ஜி. எடுத்தபோது அந்தத் தாளில் இருக்க வேண்டிய ஒன்று இல்லை. ஒவ்வொரு பெரிய முனைக்கும் முன்னால் சின்ன மேடாக வர வேண்டிய பி அலை காணாமல் போய், அந்த இடத்தில் கோடு மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மருத்துவர்கள் வாயில் ஏ.எஃப். தமிழில் மேலறை நடுக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

இதயத்தில் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. வலது மேலறையின் உச்சியில் ஒரு சிறு திசுக் கட்டு இருக்கிறது. மின் துடிப்பு அங்கேதான் பிறக்கிறது. அதை 1907இல் கண்டவர்கள் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இரு பிரிட்டிஷ்காரர்கள். ஃபிளாக் அப்போது மாணவர். மண்ணைக் குடைந்து வாழும் மோல் என்ற சிறு பிராணியின் இதயத்தைச் சீவிச் சீவி உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. தலைப்பு மதகு என்று அதைச் சொல்லலாம். அங்கிருந்து கிளம்பும் துடிப்பு மேலறைகள் முழுக்கப் பரவி, அவை ஒன்றாகச் சுருங்கும். பிறகு நடுவில் இருக்கும் இன்னொரு கட்டில் ஒரு கணம் தாமதித்துக் கீழறைகளுக்கு இறங்கும். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற ஏற்பாடு மாதிரிதான்.

ஏ.எஃப்.பில் இந்த முறை குலைகிறது. தலைப்பு மதகு சொல்வதை யாரும் கேட்பதில்லை. மேலறைத் தசையில் ஆளுக்கொரு பக்கம் மின்னலைகள் சுற்றுகின்றன; நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை. அந்த வேகத்தில் தசை சுருங்காது, புழுக்கூட்டம் போல நெளியும். நல்லவேளையாக நடுவில் இருக்கும் கட்டு, மதகடியில் நிற்கும் லஸ்கரைப் போல, வந்ததையெல்லாம் கீழே விடுவதில்லை. விட முடிந்ததை விடுகிறது, தோன்றியபோது விடுகிறது. அதுதான் நாடியில் நாம் உணரும் ஒழுங்கின்மை. பி அலை எங்கே போனது என்பதும் இப்போது தெரியும்: மேலறைகள் ஒன்றாகச் சுருங்கினால்தானே அது தாளில் எழும்?

இந்த நடுக்கம் வந்து தானே போனால் ஒரு பெயர், ஏழு நாளுக்கு மேல் நீடித்தால் வேறு பெயர், ஓராண்டைத் தாண்டினால் இன்னொரு பெயர். சித்தப்பாவுடையது நடு வகை: நிலைத்த ஏ.எஃப். இந்த நாள் கணக்கு ஏதோ அலுவலக விதி போலத் தோன்றும். நடுக்கம் நீடிப்பது ஏன் முக்கியம் என்பதைச் சில ஆடுகளின் கதை சொல்லும்.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் மொரிட்ஸ் அலெஸ்ஸியின் ஆய்வுக்கூடம். அவரும் வைஃபெல்ஸ் என்ற இளம் ஆய்வாளரும் ஆரோக்கியமான ஆடுகளின் மேலறையில் மின்கம்பிகளைப் பொருத்தினார்கள். வெளியே ஒரு கருவி. அதன் வேலை ஒன்றுதான்: ஆட்டின் இதயம் ஒழுங்காகத் துடிப்பதைக் கண்டால் உடனே ஒரு மின்சரத்தை விட்டு நடுங்கவைப்பது. முதல் நாள் அந்த நடுக்கம் சுமார் ஆறு விநாடியில் தானே அடங்கியது. கருவி மறுபடி நடுங்கவைத்தது. நாள் போகப்போக, அடங்க எடுத்துக்கொண்ட நேரம் நீண்டது. சராசரியாக ஏழு நாளில், 11 ஆடுகளில் 10 ஆடுகளுக்கு, கருவி தேவைப்படவில்லை. நடுக்கம் 24 மணி நேரத்தைத் தாண்டித் தானாகவே நீடித்து நிலைத்தது. 1995இல் வெளிவந்த அந்தக் கட்டுரையின் தலைப்பு, நடுக்கம் நடுக்கத்தைப் பெறுகிறது என்ற பொருளில் இருக்கும்.

ஆடுகளுக்கு வேறு எந்த நோயும் இல்லை என்பதுதான் இதில் முக்கியம். நடுங்கியதே நடுங்கக் காரணமாகிவிட்டது. ஒவ்வொரு செல்லும் அடுத்த துடிப்புக்குத் தயாராகும் நேரம் சுருங்குகிறது. நெடுநாள் போனால் அறை விரிகிறது, தசைக்கு நடுவே நார் படிகிறது. மின்னலை நேராகப் போக முடியாமல் நாரைச் சுற்றிச் சுற்றி வர, சுழல்கள் பிறக்கின்றன.

கடைமடைக்காரர்களுக்கு இதைச் சொல்ல எனக்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. வயலில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். வரப்பில் நண்டு வளை இருக்கலாம். கண்டுபிடித்து மிதித்து அடைத்துவிட்டால் தீர்ந்தது. அல்லது பயிர் கருகுவதற்குக் காரணம் மண்ணே உவராகிப் போனதாக இருக்கலாம். அதற்கு எந்த வளையை அடைத்தும் பயனில்லை. வந்து போகிற ஏ.எஃப். பெரும்பாலும் நண்டு வளை. நிலைத்த ஏ.எஃப்.பில் நண்டு வளையும் உண்டு, உவரும் உண்டு. எது எவ்வளவு என்பதில்தான் மருத்துவர்களின் சண்டையெல்லாம்.

சித்தப்பாவுக்கு இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, "அப்ப வளையை அடைச்சிட வேண்டியதுதானே" என்றார். ஆனால் நாகப்பட்டினத்து மருத்துவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வயது 66, ஒரு மதிப்பெண். ரத்த அழுத்தம், இன்னொன்று. சர்க்கரை, இன்னொன்று. மூன்று என்று சீட்டில் எழுதி வட்டமிட்டார். பக்கவாதத்துக்கான மதிப்பெண் அது. எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அந்த வட்டத்தால்தான்.

இடது மேலறையின் ஓரத்தில் ஆட்டுக்காது போல ஒரு சிறு பை தொங்குகிறது. அறை சுருங்கும்வரை அதற்குள் ரத்தம் போய் வந்துகொண்டிருக்கும். அறை நடுங்கத் தொடங்கினால் ரத்தம் அங்கே தேங்கும். தேங்கிய ரத்தம் உறையும். வால்வுக் கோளாறு இல்லாத ஏ.எஃப். நோயாளிகளின் மேலறையில் காணப்படும் உறைகட்டிகளில் பத்தில் ஒன்பது இந்தக் காதுக்குள்தான். அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்தால் அடுத்த நிறுத்தம் பெரும்பாலும் மூளை. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊர்மக்களைப் பல பத்தாண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு, ஏ.எஃப். இருந்தால் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கணக்குக் காட்டியது. அதனால் தாளத்தைச் சரிசெய்வது இரண்டாவது வேலை. ரத்தம் உறையாமல் மாத்திரை கொடுத்துக் காப்பது முதல் வேலை. தாளத்தைச் சரிசெய்ய இதயத்துக்குள் கம்பி விட்டுச் சுடும் சிகிச்சையைப் பற்றி ஊடகங்கள் எழுதும் அளவுக்கு இந்த மாத்திரை பற்றி எழுதுவதில்லை. சுவாரசியம் இல்லை என்று நினைக்கிறார்கள். உண்மையில் மருத்துவ வரலாற்றில் இதைவிடச் சுவாரசியமான கதை குறைவு. அதுவும் வைக்கோல் போர் வைக்கத் தெரிந்தவர்களுக்கு.

1933 பிப்ரவரி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எட் கார்ல்சன் என்ற விவசாயி, பனிப்புயலில் 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டி மேடிசன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். வண்டியில் செத்துப்போன ஒரு கிடாரி, ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தம், ஒரு பொதி கெட்டுப்போன தீவனப்புல். அவருடைய மாடுகள் ஒவ்வொன்றாக உள்ளே ரத்தம் கசிந்து செத்துக்கொண்டிருந்தன. கால்நடை மருத்துவர் தீவனத்தை மாற்றச் சொல்லியிருந்தார். மாற்றுவதற்கு அவரிடம் வேறு தீவனம் இல்லை. பல்கலைக்கழகத்தில் திறந்திருந்த கதவு கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளருடையது. அந்த நிமிடம் அவராலும் உதவ முடியவில்லை. ஆனால் விடவில்லை. ஈரத்தில் பூசணம் பிடித்த அந்தப் புல்லிலிருந்து, ரத்தம் உறையவிடாத பொருளைப் பிரித்தெடுக்க அவர் குழுவுக்கு ஆறு ஆண்டுக்கு மேல் பிடித்தது. அதன் வழியில் பிறந்த ஒன்றுக்கு வார்ஃபரின் என்று பெயர் வைத்து 1948இல் எலிமருந்தாக விற்றார்கள். 1954இல் மனிதருக்கு அனுமதி. அடுத்த ஆண்டு மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவர் சாப்பிட்டார். நம் வயல்களில் எலிக்கு வைக்கும் புரோமாடியோலோன் கட்டிகள் இதே குடும்பத்தின் கொடிய பங்காளிகள்.

இதே குடும்பத்தின் இன்னொரு உறுப்பினர் எங்கள் சித்தப்பா வீட்டு அலமாரியில் 25 வருடமாக இருக்கிறது. சித்தியுடையது. சிறு வயதில் தொண்டைப்புண்ணில் தொடங்கிய வாதக் காய்ச்சல் சித்தியின் இடது பக்க வால்வைச் சுருக்கிவிட்டது. தொண்டைக் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு தன் வால்வையே தாக்கிவிடும் நோய் அது. ஒரே அறையில் பலர் படுத்துறங்கும் வீடுகளைத் தேடி வரும். 29 வயதில் பலூன் விட்டு வால்வை விரித்தார்கள். 1984இல் ஜப்பானின் கான்ஜி இனோவே வெளியிட்ட முறை அது. இந்திய மருத்துவமனைகள் அதில் உலகத்துக்கே பாடம் எடுக்கும் அளவு கை பழகியவை. வால்வு விரிந்தாலும் நெடுநாள் அழுத்தம் தாங்கிய மேலறை ஓய்ந்து ஏ.எஃப். வந்துவிட்டது. அன்றிலிருந்து அசிட்ரோம் மாத்திரையும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க மாதம் ஒரு ஐ.என்.ஆர். பரிசோதனையும்.

46 நாடுகளில் 15,000க்கு மேற்பட்ட ஏ.எஃப். நோயாளிகளைப் பதிவுசெய்த ஆய்வொன்று 2014இல் வெளிவந்தது. வட அமெரிக்க நோயாளிகளில் வாத இதய நோய் இருந்தவர்கள் 2.2 சதவீதம். இந்தியாவில் 31.5 சதவீதம். அங்கே ஏ.எஃப். தாத்தாக்களின் நோய். இங்கே அது சித்திகளின் நோயும்கூட. இந்த எண்ணை மறந்துவிட்டு மேல்நாட்டுக் கட்டுரைகளை அப்படியே மொழிபெயர்த்து எழுதுவது நம் பத்திரிகைகளில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நானும் செய்திருக்கிறேன்.

சித்தப்பாவுக்கு எழுதித் தந்தது அபிக்சபான். புதிய வகை, ஐ.என்.ஆர். தேவையில்லை, கீரைக் கணக்கு இல்லை. வீட்டில் உடனே வழக்கு வந்தது.

"உங்களுக்கு மட்டும் டெஸ்ட்டு வேணாத மாத்திரை. நான் 25 வருஷமா மாசாமாசம் கையை நீட்டிக்கிட்டு நிக்கிறேன்" என்றார் சித்தி.

"நீயும் இதையே போட்டுக்கயேன். ரெண்டும் ரத்தம் கரையுறதுக்குத்தானே?"

நான் பதறிவிட்டேன். நியாயமான கேள்வி, இதய மருத்துவர்களே பல வருடம் கேட்ட கேள்வி. சித்தி போன்றவர்களுக்கும் புதிய மருந்து உதவும் என்றே எதிர்பார்ப்பு இருந்தது. அப்போது டெல்லி எய்ம்ஸ் இதய மருத்துவராக இருந்த கணேசன் கார்த்திகேயனும் சேர்ந்து முன்னின்று நடத்திய இன்விக்டஸ் ஆய்வு, வாத இதய நோயும் ஏ.எஃப்.பும் சேர்ந்த 4,531 பேரைப் பார்த்தது. சராசரி வயது ஐம்பதை ஒட்டி. பத்தில் ஏழு பேர் பெண்கள். பாதிப் பேருக்குப் புதிய ரிவராக்சபான், மீதிப் பேருக்குப் பழைய வார்ஃபரின் வகை. 2022இல் முடிவு வந்தபோது பலர் இரண்டாம் முறை படித்துப் பார்த்தார்கள். புதிய மருந்துக் குழுவில் 552 மரணம், பழைய மருந்துக் குழுவில் 442. பழையதுதான் காத்தது. அதிலும் வித்தியாசம் பெரும்பாலும் பக்கவாதத்தில் வரவில்லை. திடீர் மரணமும் இதயம் ஓய்ந்து போவதும் குறைந்திருந்தன. ஏன் என்று இன்னும் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. ஒரு விளக்கம் எனக்குப் பிடித்தது: மாதாமாதம் ஐ.என்.ஆர். பார்க்கப் போகிறவரை யாரோ ஒருவர் மாதாமாதம் பார்க்கிறார். கால் வீங்கியிருந்தால் கேட்கிறார்.

இதைச் சித்தியிடம் சொன்னேன். அசிட்ரோம் டப்பாவை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்து வைத்தார். கீரையை அடியோடு நிறுத்தச் சொன்ன பழைய அறிவுரையைப் பற்றியும் கேட்டார். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரையை எதிர்த்து வேலை செய்யும். ஆனால் விஷயம் அளவு மாறாமல் இருப்பதில்தான். வாரம் இரண்டு நாள் என்றால் என்றும் இரண்டு நாள். ஆடிக்கொரு நாள் அண்டா நிறையச் சமைத்தால்தான் வம்பு.

இனித் தாளம்.

மாத்திரைகள் இரண்டு விதத்தில் வேலை செய்யும். ஒரு வகை நடுக்கத்தைத் தொடாது. நடுவில் நிற்கும் லஸ்கரின் கையை இறுக்கி, கீழே போகும் துடிப்பைக் குறைக்கும். மெட்டோபுரோலால், டில்டியாசெம் இந்த ரகம். டிகாக்சினும். 1785இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் நூலாக எழுதிய ஃபாக்ஸ்கிளவ் செடியின் வழித்தோன்றல் அது; நம்மூர் அரளியின் நஞ்சும் இதே வகை, அதனால்தான் டிகாக்சினில் அளவு தப்பக் கூடாது. துடிப்பை எவ்வளவு குறைக்க வேண்டும்? 80க்குக் கீழே கொண்டுவர மல்லுக்கட்டியதுண்டு. நெடுநாளாக ஏ.எஃப். நிலைத்துவிட்ட 614 பேரை வைத்து 2010இல் டச்சு ஆய்வு ஒன்று, ஓய்வில் 110க்குக் கீழே இருந்தாலே போதும், முடிவுகளில் மோசமில்லை என்று காட்டியது.

இரண்டாவது வகை தாளத்தையே திருப்ப முயலும். அமியோடரோன்தான் அதில் பலசாலி. எகிப்தில் நாட்டு வைத்தியத்தில் இருந்த கெல்லா என்ற செடியின் சத்திலிருந்து கிளைத்து, 1961இல் பெல்ஜியத்தில் நெஞ்சுவலிக்காக உருவாக்கப்பட்டது. ஃபிஜித் தீவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான பிரமா சிங், 1970இல் ஆக்ஸ்ஃபோர்டில் வான் வில்லியம்ஸுடன் சேர்ந்து, அது இதயத் தாளத்துக்கான மருந்து என்று காட்டினார். வேலை செய்யும். ஆனால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின், தைராய்டைக் குலைக்கலாம். நுரையீரல், கல்லீரல், கண் என்று தங்கும். வெயில் பட்டால் தோல் எரியும், நாளடைவில் சாம்பல் நீலம் பாரிக்கும்; நாள் முழுக்க வயலில் நிற்கிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. நிறுத்தினாலும் உடம்பிலிருந்து வெளியேற மாதக்கணக்காகும். அசிட்ரோம் சாப்பிடுகிறவருக்குக் கொடுத்தால் ஐ.என்.ஆர். எகிறும். நெடுநாள் துணையாக வைத்துக்கொள்ள எனக்குத் தயக்கமுள்ள மருந்து.

இந்த இரண்டு வகையில் எது உயிரைக் காக்கும்? 2002இல் அஃபர்ம் என்ற பெரிய ஆய்வு 4,060 பேரிடம் ஒப்பிட்டது. தாளத்தைத் திருப்பியவர்கள் கூடுதலாக வாழவில்லை. அந்த முடிவு ஒரு தலைமுறை மருத்துவர்களைச் சோம்பலாக்கிவிட்டது என்பது என் எண்ணம். வேகத்தைக் குறை, ரத்தத்தை இளக்கு, வீட்டுக்கு அனுப்பு. ஆனால் அந்த ஆய்விலேயே ஒரு செய்தி ஒளிந்திருந்தது: பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் வார்ஃபரினை நிறுத்தியவர்கள் அல்லது போதாத அளவில் இருந்தவர்கள். தாளம் திரும்பிவிட்டதே என்று காப்பு மாத்திரையை விட்டவர்களும் அதில் உண்டு. பிறகு 2020இல் ஈஸ்ட் என்ற ஐரோப்பிய ஆய்வு, ஏ.எஃப். கண்டுபிடித்து ஓராண்டுக்குள் இருப்பவர்களை, 2,789 பேரை, எடுத்துக்கொண்டது. காப்பு மாத்திரையை விடாமல், தொடக்கத்திலேயே தாளத்தைத் திருப்பியவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோய்களால் வரும் மரணம், பக்கவாதம், இதயக் கோளாறு எல்லாம் சேர்ந்த கணக்கு குறைந்திருந்தது. மாஸ்ட்ரிக்ட் ஆடுகளை நினைத்துக்கொண்டால் இதில் வியப்பில்லை. உவர் ஏறும் முன் கை வைத்தார்கள்.

கம்பியின் கதை 1998இல் திசை திரும்பியது. அதற்கு முன், 1987இல், அமெரிக்க அறுவை மருத்துவர் ஜேம்ஸ் காக்ஸ் மேலறையைப் பல இடங்களில் வெட்டித் தைத்து, தழும்புகளால் மின்னலைக்கு ஒரு புதிர்ப்பாதை போட்டிருந்தார். பலித்தது, ஆனால் நெஞ்சைப் பிளக்க வேண்டும். பிரான்சின் போர்தோ நகரில் மிஷல் ஹைசகேர் நடுக்கம் எங்கே தொடங்குகிறது என்று தேடினார். 45 நோயாளிகளில் 69 தொடக்கப் புள்ளிகள். அவற்றில் 94 சதவீதம் மேலறையில் இல்லவே இல்லை. நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள், இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் உள்ளே இருந்தன. இதயத் தசை அந்தச் சிரைகளுக்குள் சட்டைக் கைபோல நீண்டிருக்கிறது. நண்டு வளை அங்கேதான்.

சிரைக்குள்ளேயே சுட்டால் அது சுருங்கிப் போகும் என்று பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அதனால் இப்போது வளையைத் தொடுவதில்லை. வளையின் வாயைச் சுற்றி மேலறைப் பக்கத்தில் ஒரு வட்ட வரப்புக் கட்டுகிறார்கள். தொடைச் சிரையில் ஓர் ஊசித்துளை. அதன் வழியே வளையக்கூடிய மெல்லிய குழாய் வலது மேலறைக்குப் போகும். இடது பக்கம் போக நடுச்சுவரில் ஒரு துளை. திரையில் அறையின் முப்பரிமாண வரைபடம். குழாயின் முனையில் ரேடியோ அலைச் சூடு; வைத்த இடமெல்லாம் ஒரு பொட்டு, பொட்டுக்குப் பக்கத்தில் பொட்டு. இடையில் ஒரு மில்லிமீட்டர் விட்டுப்போனாலும் மின்னலை அதில் கசிந்து வரும். வரப்புக் கட்டியவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குளிரூட்டும் பலூனால் உறையவைப்பது இன்னொரு முறை. அண்மையில் வந்திருப்பது மின்துடிப்பு முறை: சூடும் இல்லை, குளிரும் இல்லை, நொடியின் சிறு பகுதி நேரத்துக்கு உயர் மின்புலம். இதயத் தசைச் செல்லின் உறையில் துளை விழுந்து அது சாகும்; பின்னால் ஒட்டியிருக்கும் உணவுக்குழாய் பெரும்பாலும் தப்பிக்கும். பழைய சூட்டு முறையில் மருத்துவர்கள் பயப்படும் அரிய விபத்து, உணவுக்குழாய்க்கும் மேலறைக்கும் இடையே ஓட்டை விழுவதுதான். நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில் இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டலாம். இதையெல்லாம் சொல்லித்தான் கையெழுத்து வாங்குகிறார்கள், வாங்க வேண்டும்.

நிலைத்த ஏ.எஃப்.புக்கு இந்த வட்ட வரப்பு போதாது, உவர் நிலத்திலும் கோடு போட வேண்டும் என்று பலர் நம்பினார்கள். நானும் நம்பினேன், கேட்க நியாயமாகத்தான் இருந்தது. 2015இல் ஸ்டார் ஏ.எஃப். இரண்டு என்ற ஆய்வு, நிலைத்த ஏ.எஃப். உள்ள 589 பேரை மூன்றாகப் பிரித்தது. சிரைகளை மட்டும் தனிமைப்படுத்திய குழுவில் 18 மாதம் கழித்து 59 சதவீதம் பேர் நடுக்கமில்லாமல் இருந்தார்கள். கூடுதலாகச் சுட்ட இரண்டு குழுக்களிலும் 49, 46. கூடுதல் சூடு உதவவில்லை. பின்சுவரையும் சேர்த்துச் சுடும் யோசனையும் 2023இல் ஆஸ்திரேலியர்கள் தலைமையில் நடந்த ஆய்வில் அதே கதியானது. 59 என்ற எண்ணை நேர்மையாகப் பார்க்க வேண்டும். பத்தில் ஆறு. வந்து போகிற வகையில் இதைவிட நன்றாகப் பலிக்கும்.

இன்னொரு சந்தேகம் 20 ஆண்டுக்கு மேல் யாரும் தீர்க்காமல் கிடந்தது. பெரிய மருத்துவமனை, பெரிய இயந்திரம், பெரிய செலவு. அந்த நம்பிக்கையிலேயே நோயாளிக்குத் தேவலை என்று தோன்றுகிறதோ? பிரிட்டனில் 126 பேரை வைத்து, பாதிப் பேருக்கு உண்மையான சிகிச்சை, மீதிப் பேருக்கு எல்லாம் செய்வதுபோல் செய்து இதயத்தை மட்டும் தொடாத பாவனைச் சிகிச்சை. பெரும்பாலோர் நிலைத்த வகைக்காரர்கள். உடம்புக்குள் பதித்த கருவி ஆறு மாதம் இதயத்தை வேவு பார்த்தது. 2024இல் வந்த விடை: கம்பியின் பலன் மெய். நடுக்கத்தின் அளவும் குறைந்தது, வாழ்க்கையும் தேறியது. இதயம் பலவீனப்பட்டவர்களுக்கு அது அதற்கு மேலும் தரும்: 2018இல் காஸில் ஏ.எஃப். ஆய்வில், 363 பேரில், மரணமோ இதயக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்வதோ நேர்ந்தவர்கள் மருந்துக் குழுவில் 44.6 சதவீதம், கம்பிக் குழுவில் 28.5.

உவரைப் பற்றிக் கடைசியாக ஒன்று. 2004 சுனாமிக்குப் பிறகு நாகைக் கடலோரத்தில் உப்பேறிய வயல்களை, இனி ஒன்றும் விளையாது என்று கைவிடப் பார்த்தார்கள். மழைத்தண்ணீரைத் தேக்கித் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது மீட்டதை நான் பார்த்திருக்கிறேன். மேலறைக்கும் அது ஓரளவு முடியும். அடிலெய்டு ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள்: உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துத் தக்கவைத்தவர்களுக்கு நடுக்கமற்று இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்கு. 2020இல் இன்னோர் ஆஸ்திரேலிய ஆய்வில், குடியை விட்டவர்களில் 53 சதவீதத்துக்கு ஏ.எஃப். திரும்பியது, விடாதவர்களில் 73. சித்தப்பா அறுவடை முடிந்தால் டாஸ்மாக் பக்கம் போகிறவர். சித்தி இந்த எண்ணை மட்டும் என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார்.

மூன்று வாரம் அபிக்சபான் சாப்பிட்ட பிறகு, உணவுக்குழாய் வழியே எக்கோ பார்த்து காதுக்குள் உறைகட்டி இல்லை என்று உறுதி செய்து, மயக்கம் கொடுத்து ஒரு மின்அதிர்ச்சி தந்தார்கள். 1962இல் பெர்னார்ட் லவுன் கொண்டுவந்த வழி. தாளம் திரும்பியது. அடுத்த வெள்ளிக்கிழமை சித்தப்பா கோயில் படியை ஒரே மூச்சில் ஏறி, மேலே நின்று என்னைக் கூப்பிட்டார். பதினோராம் நாள் நாடி மறுபடி குலைந்தது. அது தோல்வியில்லை, மூச்சு வாங்கியது வயதால் இல்லை, நடுக்கத்தால்தான் என்பதற்கு அந்தப் பத்து நாள் சாட்சி.

சித்திரையில் சென்னையில் ஒரு மின்னியல் இதய மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். எக்கோவில் மேலறை 46 மில்லிமீட்டர். விரிந்திருக்கிறது, மிஞ்சிப் போகவில்லை.

"ஒரே தடவையில முடிஞ்சிடும்னு சொல்ல மாட்டேன்யா. ரெண்டாவது தடவை வர வேண்டியிருக்கலாம். தாளம் திரும்பினாலும் ரத்தம் இளக்குற மாத்திரையை நிறுத்தக் கூடாது. உங்க மார்க் மூணு, அது மாறாது."

"மேட்டூர் தொறந்து கடைமடைக்குத் தண்ணி வர்றதுக்குள்ள முடிச்சுத் தருவீங்களா?"

அவர் நாட்காட்டியைப் புரட்டினார். மே கடைசி வாரம். தொடையில் துளை ஆறும்வரை ஒரு வாரம் மம்பட்டி பிடிக்கக் கூடாது. முதல் மூன்று மாதம் தாளம் அவ்வப்போது தப்பலாம், சுட்ட இடம் ஆறுகிற காலம், அதை வைத்துப் பலித்ததா இல்லையா என்று முடிவு கட்டக் கூடாது.

சித்தப்பா விரல் விட்டு எண்ணினார். ஜூன், ஜூலை, ஆகஸ்ட்.

"அப்ப சம்பா விதைப்பு வரைக்கும்னு சொல்லுங்க" என்றபடி, உரக்கணக்கு எழுதும் சட்டைப்பை நோட்டை எடுத்து, பேனாவுக்காக என் பக்கம் கையை நீட்டினார்.